மனக்கோயிலின் வாசற்படி

இடுப்பு எலும்பு உடைந்த பிறகு ஆயா கட்டிலை விட்டு அதிகம் இறங்குவதில்லை. ஆனாலும் காலை அஞ்சு மணிக்கு எழுந்து, முதுகுக்கு ரெண்டு தலையணை வைத்து, கண்ணை மூடி உட்கார்ந்துவிடுவாள். உதடு லேசாக அசையும். அரைமணி நேரம் ஆகும். நடுவில் காபி நீட்டினால் கைகூட நகராது.

சில வருடங்களுக்கு முன்னால், அமெரிக்காக்காரர்களோடு ஒரு காலை நேர கால் இருந்த நாளில், சீக்கிரம் எழுந்து அவளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கண்ணைத் திறந்ததும் கேட்டேன்.

"என்ன ஆயா, தூக்கமா?"

"தூக்கம் என்ன. ஊர்க் கோயிலுக்குப் போயிட்டு வரேன்."

தஞ்சாவூர்ப் பக்கம் ஒரு ஊர் அது. எழுபது வருஷத்துக்கு முன்னால் விட்டு வந்த ஊர். எப்படிப் போகிறாள் என்று கேட்டேன். எங்கள் தெருவில் கிளம்பி, வாய்க்கால் பாலம், அதைத் தாண்டிப் புளியமரம், பண்ணை வீட்டுக் களத்தைச் சுற்றிக்கொண்டு, தேரடி. தேரடியில் நின்றால் கோபுரம். கோபுர வாசலுக்குள்ளே தூரத்தில் ஒரு விளக்கு தெரியும். அங்கேயே சூடம் ஏற்றிக் கும்பிட்டுவிட்டு, அதே வழியில் திரும்பி வருகிறாள். அவசரமே கிடையாது. பாலத்தில் நின்று கால் கழுவிக்கொள்வதுகூட உண்டு.

"உள்ள போகமாட்டியா?"

"உள்ள எப்படி இருக்கும்னு தெரியாதே தம்பி. பார்த்ததத்தானே நெனைக்க முடியும்?"

ஆயா சேரியில் பிறந்தவள். "காந்தி செத்தப்ப எனக்குப் பன்னெண்டு பதிமூணு இருக்கும்" என்பதுதான் அவளுடைய வயதுக் கணக்கு. அவள் சிறுமியாக இருந்தபோது தேரடிதான் எங்கள் ஆட்களுக்கு எல்லை. 1939 ஜூலை 8 அன்று மதுரை மீனாட்சி கோயிலுக்குள் வைத்தியநாத ஐயர் தலைமையில் ஆலயப் பிரவேசம் நடந்தது. அதே வருடம் ஒரு சட்டமும், 1947இல் மாகாணம் முழுமைக்குமான ஆலய நுழைவுச் சட்டமும் வந்தன. சட்டம் எங்கள் ஊர்த் தேரடிக்கு வந்து சேர்வதற்குள் ஆயா கல்யாணமாகிப் பெரம்பூருக்கு வந்துவிட்டாள். இங்கே கபாலீசுவரர், வடபழனி என்று எல்லாக் கோயிலுக்கும் போயிருக்கிறாள். "அந்த உள்ளெல்லாம் பார்த்திருக்கியே, அதையே இதுக்கும் நெனச்சுக்கோயேன்" என்றேன். ஒரே வார்த்தையில் முடித்துவிட்டாள்: "அது வேற வீடு."

எனக்கு அன்றைக்கு முழுக்க வேலை ஓடவில்லை. மனசுக்குள் யார் தடுக்கப் போகிறார்கள்? அங்கேயும் ஏன் தேரடியிலேயே நிற்கிறாள்?

மானச பூஜை பற்றிப் பேசுகிற எல்லோரும் சொல்கிற வாக்கியம் ஒன்று உண்டு. அதற்கு எதுவுமே வேண்டாம், பணம் வேண்டாம், பூ வேண்டாம், கோயில்கூட வேண்டாம், மனம் இருந்தால் போதும். ஆதிசங்கரர் பெயரில் வழங்கும் 'சிவமானஸ பூஜா' என்ற சின்ன ஸ்தோத்திரத்தில் ரத்தின ஆசனமும் பனிநீர் அபிஷேகமும் பட்டாடையும் நினைப்பிலேயே செய்யப்படுகின்றன. தமிழில் இந்த வாக்கியத்துக்குச் சாட்சியாக எப்போதும் அழைத்து வரப்படுபவர் பூசலார் நாயனார். காசில்லாதவர், மனசிலேயே கோயில் கட்டினார், ராஜாவுடைய கற்கோயிலைத் தள்ளி வைத்துவிட்டுச் சிவன் இவருடைய கோயிலுக்கு வந்தார். பள்ளியில் நானும் இப்படித்தான் படித்தேன். ஆயாவுக்குப் பதில் தேடிக்கொண்டு பெரியபுராணத்தைப் பிரித்தபோதுதான், பள்ளிக்கூடக் கதை முக்கியமான பாதியை விட்டுவிட்டது தெரிந்தது.

சேக்கிழார் பூசலாருக்கு ஒதுக்கியது இருபது பாடல்களுக்கும் குறைவு. அதில் கணிசமான பகுதி கட்டுமானக் குறிப்பு. கோயில் கட்ட ஆசைப்பட்டுப் பொருள் தேடி அலைகிறார் பூசலார், கிடைக்கவில்லை. அதன் பிறகே மனத்தில் தொடங்குகிறார். அங்கேயும் ஒரேயடியாகப் பொருள் வந்து குவிவதில்லை, சிறுகச் சிறுகச் சேர்க்கிறார். தச்சர்களைத் தேடிக் கூட்டுகிறார். ஆகம முறைப்படி நாள் பார்த்து அடிநிலை இடுகிறார். இரவிலும் தூங்குவதில்லை. உபானம் என்கிற அடிவரிசையிலிருந்து சிகரம் வரைக்கும் கை அளவு பார்த்து ஒவ்வொன்றாக ஏற்றுகிறார். தூபி வைத்து, சுதை வேலை முடித்து, கிணறு தோண்டி, குளம் வெட்டி, மதில் எழுப்புகிறார். இத்தனைக்கும் நெடுநாள் ஆகிறது. கடைசியில் பிரதிஷ்டைக்கு ஒரு நாள் குறிக்கிறார்.

மனசில் கட்டுகிறவருக்குக் கிணறு எதற்கு? நினைத்த மாத்திரத்தில் முழுக்கோயிலும் நின்றுவிடாதா? சேக்கிழார் அப்படி நிற்க விடவில்லை. வெளியே ஒரு ஸ்தபதி என்னென்ன செய்தாக வேண்டுமோ, அத்தனையையும் அதே வரிசையில் உள்ளே செய்ய வைக்கிறார். தென்னிந்தியாவில் கற்பனையின் வரலாற்றை எழுதிய டேவிட் ஷுல்மன், 2012இல் வந்த தன் நூலில் பூசலாரை எடுத்துக்கொண்டு பேசுவதும் இந்த உழைப்பை வைத்துத்தான். இங்கே கற்பனை என்பது கனவு காண்பது அல்ல, செய்வது.

இந்தக் கதை எப்படி வளர்ந்தது என்று பார்ப்பது எனக்கு இன்னும் சுவாரசியமாக இருந்தது. முதலில் சுந்தரரின் திருத்தொண்டத்தொகை. அதில் பூசலாருக்கு ஊர்ப்பெயரும், வேதம் ஓதுகிற நாவுக்காரர் என்ற அடையும் மட்டும்தான் உண்டு. கோயில் இல்லை. அடுத்து நம்பியாண்டார் நம்பியின் அந்தாதி. அதில் தூக்கம் வருகிறது, அதாவது தூக்கமின்மை. ஒரு கோயில் எப்போது கட்டுவோம் என்று இரவெல்லாம் நினைத்தே அருள் பெற்றவர். இங்கேயும் ராஜா இல்லை. 12ஆம் நூற்றாண்டில் சேக்கிழாரிடம் வரும்போதுதான் தச்சர்களும் கிணறும் மதிலும், அவற்றோடு காஞ்சியில் கற்கோயில் கட்டிய காடவர் கோமானும் உள்ளே வருகிறார்கள். அதே நாளில் அவனும் பிரதிஷ்டைக்கு நாள் குறிக்கிறான். முந்தின இரவு சிவன் கனவில் வந்து, நின்றவூர்ப் பூசல் நெடுநாளாக நினைத்துக் கட்டிய கோயிலுக்குள் நாளை நாம் போகிறோம், உன் வேலையைத் தள்ளி வைத்துக்கொள் என்கிறார்.

காடவர் என்பது பல்லவருக்கு வழங்கிய பெயர். காஞ்சியில் பெரும் சிவன் கற்றளி எடுத்த பல்லவன் என்றவுடன் கைலாசநாதர் கோயிலும், அதைக் கட்டிய ராஜசிம்மன் என்கிற இரண்டாம் நரசிம்மவர்மனும் நினைவுக்கு வருவார்கள். அவன் ஆட்சி ஏறத்தாழ 700 முதல் 728 வரை. கைலாசநாதருக்குப் போனவர்களுக்குத் தெரியும், அந்த மனுஷனுக்குத் தன் பெயரைப் பார்த்துக்கொண்டே இருக்க ஆசை. சுற்று மதிலை ஒட்டிய குட்டிக் குட்டிச் சன்னதிகளில் அவனுடைய விருதுப் பெயர்கள் வரிசை வரிசையாக வெட்டப்பட்டிருக்கின்றன, இருநூற்றைம்பதுக்கும் மேல். மூலக் கோயிலின் பெயரே ராஜசிம்மேசுவரம்.

அந்த மூலக் கோயிலின் வெளிப்புறத்தைச் சுற்றிக் கிரந்த எழுத்தில் ஒரு சமஸ்கிருதக் கல்வெட்டு ஓடுகிறது. ஹுல்ட்ஸ் 1890இல் தென்னிந்தியக் கல்வெட்டுகள் முதல் தொகுதியில் அதைப் பதிப்பித்தார். பல்லவ வம்சாவளிப் புகழ்ச்சிகளுக்கு நடுவில் ஒரு செய்தி வருகிறது. துஷ்யந்தன் போன்ற பழைய யுகத்து அரசர்கள் அசரீரி கேட்டார்கள் என்றால் அதில் அதிசயம் இல்லை, நற்குணங்கள் விலகிப்போன இந்தக் கலியுகத்தில் ஸ்ரீபரன் அந்தக் குரலைக் கேட்டானே, அதுவே பேரதிசயம் என்கிறது. ஸ்ரீபரன் என்பது ராஜசிம்மனின் விருதுகளில் ஒன்று.

ஆக, கோயில் கட்டிய ராஜாவிடம் ஒரு குரல் பேசியது என்பது ராஜாவே கல்லில் வெட்டிக்கொண்ட செய்தி. குரல் என்ன சொன்னது என்று கல்வெட்டு சொல்லவில்லை. கேட்டான் என்பதே பெருமை. நானூறு வருஷம் கழித்து, குன்றத்தூரில் பிறந்த ஒரு தொண்டை நாட்டுக்காரர் வந்து, அந்தக் குரலுக்கு வாசகம் எழுதுகிறார்: கொஞ்சம் பொறு, உனக்கு முன்னால் வேறொருவன் இருக்கிறான். காஞ்சிக்கும் நின்றவூருக்கும் நடுவில் உலவிய பேச்சு எதையோ சேக்கிழார் கேட்டிருப்பார் என்றே எனக்குத் தோன்றுகிறது. ராஜாவின் தம்பட்டத்தை ஓர் ஏழையின் சாட்சியாகத் திருப்பிப் போட்டது தமிழ் பக்தி இலக்கியத்தின் அழகான குறும்புகளில் ஒன்று. சேக்கிழாரின் ராஜாவும் மோசமானவன் அல்ல. நின்றவூருக்கு வந்து, பூசலார் கட்டிய கோயில் எங்கே என்று கேட்கிறான். அப்படி ஒன்றும் கட்டவில்லையே என்கிறார்கள் ஊர்க்காரர்கள். அவரை அழைத்து வருவதாகச் சொன்னவர்களைத் தடுத்துத் தானே தேடிப் போகிறான்.

நானும் போனேன். அரக்கோணம் மார்க்கத்து லோக்கல் ரயிலில் ஏறினால் ஆவடி தாண்டித் திருநின்றவூர். இருதயாலீசுவரர் கோயில் கைலாசநாதரின் பிரம்மாண்டம் எதுவும் இல்லாத சின்னக் கோயில். கருவறையிலேயே பூசலாரும் இருக்கிறார். பெயரில் இருதயம் இருப்பதால் இன்றைக்கு இதய நோய்க்காரர்கள் வேண்டிக்கொண்டு வருகிறார்கள். சேக்கிழாருக்கு இது தெரிந்தால் சிரிப்பாரா தெரியாது, எனக்குக் கொஞ்சம் சிரிப்பு வந்தது. பக்கத்தில் ஒரு அம்மா இசிஜி ரிப்போர்ட்டை மடித்துக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். சிரிப்பு போய்விட்டது.

அந்தச் சன்னதியில் நின்றபோது மண்டைக்குள் உட்கார்ந்திருந்தது சுந்தரர் கொடுத்த அந்த ஒற்றை அடைமொழிதான். வேதம் ஓதுகிறவர். பூசலாரிடம் காசு மட்டும்தான் இல்லை. மற்ற எல்லாமே இருந்தது. ஆகமம் தெரியும். உபானம் எங்கே வரும், சிகரத்துக்கு எத்தனை கை அளவு, பிரதிஷ்டைக்கு எது நல்ல நாள், எல்லாம் தெரியும். கருவறைக்குள் என்ன இருக்கும் என்று அவர் யாரையும் கேட்க வேண்டியதில்லை. ஒரு புரோகிராமை மனசுக்குள்ளேயே ஓட்டிப் பார்க்கிற ஆட்கள் எங்கள் டீமில் உண்டு. அவர்களுக்கு ஏதோ வரம் என்று வெளியில் இருந்து பார்க்கிறவர்கள் நினைப்பார்கள். அவர்கள் சோர்ஸ் கோடைப் படித்தவர்கள், அவ்வளவுதான்.

சைவப் பூசை நூல்களைப் பார்த்தால் இது இன்னும் தெளிவாகிறது. 11ஆம் நூற்றாண்டில் சோமசம்பு எழுதிய பத்ததியைப் புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனத்தில் எலென் ப்ரூனர் பல பத்தாண்டுகள் உட்கார்ந்து பதிப்பித்து மொழிபெயர்த்தார். சேக்கிழாரின் அதே 12ஆம் நூற்றாண்டில் அகோரசிவாசாரியார் 'கிரியாக்ரமத்யோதிகா' எழுதினார். இவற்றில் மானச பூஜை என்பது புறப்பூசை செய்ய வசதியில்லாதவனுக்கான மாற்று ஏற்பாடு அல்ல. எல்லாம் இருக்கிறவன், பூவும் நைவேத்தியமும் தயாராகப் பக்கத்தில் இருக்கும்போதே, வெளியே கை வைப்பதற்கு முன்னால் உள்ளே செய்து முடிக்க வேண்டிய வேலை. அந்தர்யாகம் என்று பெயர். முதலில் பூதசுத்தி. தன் உடம்பை நினைப்பிலேயே எரித்துச் சாம்பலாக்கி, அமுதத்தால் நனைத்து மறுபடி உண்டாக்கிக்கொள்ள வேண்டும். சிவனாகாமல் சிவனைப் பூசிக்க முடியாது என்பது விதி. பிறகு இதயம் பூசைக்கான இடம், தொப்புள் ஹோமகுண்டம், புருவமத்தி தியானத்துக்கு. இதயத்தில் போடும் ஆசனமும் சும்மா ஒரு பலகை கிடையாது. ஆதார சக்தியில் தொடங்கி, அனந்தன் என்கிற பாம்பு, தர்மம் ஞானம் வைராக்கியம் ஐசுவரியம் என்று நான்கு சிங்கக் கால்கள், மேலே தாமரை என்று அடியிலிருந்து கட்டிக்கொண்டே போக வேண்டும். ஒவ்வொரு படிக்கும் மந்திரம் உண்டு. மந்திரத்துக்குத் தீட்சை வேண்டும். தீட்சைக்குக் குரு வேண்டும்.

எதுவுமே வேண்டாம் என்ற வாக்கியம் இந்த இடத்தில் என் கையில் உடைந்தது. உள்ளே போவதற்கும் அனுமதிச் சீட்டு இருந்திருக்கிறது.

பெரியபுராணத்திலேயே மனசில் பூசை செய்த இன்னொருவர் உண்டு, மயிலாப்பூர் வாயிலார். வேளாளர். கபாலீசுவரர் கோயிலுக்குள் அவருக்குச் சின்னச் சன்னதி இருக்கிறது, ஆயாவைக் கூட்டிக்கொண்டு பலமுறை அதைக் கடந்து போயிருக்கிறேன், கவனித்ததில்லை. வாயிலாரின் கோயிலைச் சேக்கிழார் கட்டுகிற விதம் வேறு. மறவாமைதான் கட்டடம், அறிவு விளக்கு, ஆனந்தம் அபிஷேக நீர், அன்பு நைவேத்தியம். கை அளவு இல்லை, தச்சர் இல்லை, நாள் நட்சத்திரம் இல்லை. ஒரு கல்கூட இல்லாத கோயில். இரண்டு பேருடைய குலத்தையும் சேக்கிழார் சொல்லித்தான் தொடங்குகிறார். வேதியருக்கு வரைபடத்தோடு கூடிய கோயிலும், வேளாளருக்கு வரைபடமே தேவைப்படாத கோயிலும் அமைந்தது தற்செயல் என்று என்னால் நினைக்க முடியவில்லை. வாயிலாரின் கோயில்தான் பெரிது என்று ஒரு சைவ நண்பர் என்னிடம் வாதாடினார். இருக்கலாம். எனக்கும் அதுதான் பிடித்திருக்கிறது. ஆனால் ஆயாவிடம் போய், உள்ளே இருப்பது வெறும் அன்பும் அறிவும்தான், நீ பாட்டுக்குப் போ என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. தேரடியில் நின்று எழுபது வருஷம் ஒரு குறிப்பிட்ட விளக்கைப் பார்த்துக்கொண்டிருக்கிறவளுக்கு, அது என்ன விளக்கு என்று தெரிய வேண்டும்.

அப்புறம் நந்தனார், பெரியபுராணத்தில் திருநாளைப்போவார். பேரிகைக்குத் தோலும், யாழுக்கு நரம்பும், பூசைக்குக் கோரோசனையும் கொடுத்துக்கொண்டு வாசலுக்கு வெளியே நின்றவர். திருப்புன்கூரில் அவர் பார்ப்பதற்காக நந்தி விலகியது, அவர் உள்ளே போகவில்லை. தில்லையில் மதிலைச் சுற்றிச் சுற்றி வருகிறார். கனவில் சிவன் வருகிறார். பூசலாருக்காக ராஜாவின் கனவில் வந்த அதே சிவன். ஆனால் இங்கே சொல்வது வேறு: தீயில் மூழ்கி எழுந்து வா. நாயனார்களிலேயே மனக்கோயில் மிகவும் தேவைப்பட்டிருக்கக்கூடிய ஒருவருக்குச் சேக்கிழார் அதைக் கொடுக்கவில்லை. நான் இதை முதலில் குறையாகத்தான் படித்தேன், கோபமும் வந்தது. இப்போது வேறு மாதிரி தோன்றுகிறது. மனசுக்குள்ளேயே கும்பிட்டுக்கொள் என்பது வெளியே நிற்க வைக்கப்பட்டவர்களிடம் எவ்வளவு சௌகரியமாகச் சொல்லக்கூடிய வார்த்தை! நந்தனாரிடம் சேக்கிழாரின் சிவன் அதைச் சொல்லவில்லை. நந்தனாருக்கும் அது போதவில்லை. அவருக்கு அந்தத் தில்லை, அந்தக் கூத்து, கண்ணால். தீயை நான் மன்னிக்கவில்லை. ஆனால் அந்த ஆசையின் பிடிவாதம் எனக்குப் புரிகிறது, ஆயா வீட்டிலேயே இருக்கிறாள்.

ஒரு சனிக்கிழமை ராத்திரி பஸ் பிடித்து ஊருக்குப் போனேன். நான் அங்கே போனது அதுதான் முதல்தடவை. வாய்க்கால் இருக்கிறது, தண்ணீர் இல்லை. புளியமரம் இல்லை. தேரடியில் பஞ்சாயத்து போர்டு சோலார் விளக்கு. கோபுரத்துக்குப் புதுசாகப் பெயின்ட் அடித்திருந்தார்கள். யாரும் என்னை எதுவும் கேட்கவில்லை. குருக்கள் கோத்திரம் நட்சத்திரம் கேட்டார், கோத்திரம் தெரியாது என்றதும் சிவ கோத்திரம் என்று அவரே சொல்லிக்கொண்டார். நான் நம்பிக்கை உள்ளவன் இல்லை. கும்பிட்டேனா என்றுகூடச் சரியாக ஞாபகம் இல்லை. செல்போனில் நோட்ஸ் எடுத்துக்கொண்டிருந்தேன். கோபுர வாசலிலிருந்து கொடிமரம் இருபத்தாறு அடி நடை. பலிபீடம், நந்தி, நந்தியின் இடது காது உடைந்திருக்கிறது. மகாமண்டபத்தில் எட்டுத் தூண். தெற்குப் பார்த்து அம்மன். தேரடியிலிருந்து தெரிகிற விளக்கு கருவறை விளக்கு இல்லை, அர்த்தமண்டப நிலைக்கு மேலே சங்கிலியில் தொங்குகிற தூண்டாமணி விளக்கு.

திங்கட்கிழமை காலை அவள் எழுவதற்கு முன்னால் கட்டில் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டேன். போட்டோ காட்டலாம்தான், கண் புரையில் அவளுக்கு ஒன்றும் தெரியாது. நோட்ஸைப் படித்தேன். புளியமரம் போனதைச் சொல்லவில்லை. நந்தியின் காது பற்றிச் சொன்னபோது "யாரு ஒடச்சா?" என்றாள். விளக்கு பற்றிச் சொன்னபோது ஒன்றும் பேசவில்லை. முழுவதும் கேட்டு முடித்தபின் ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"கோபுர வாசல்ல ஏறணுமா, எறங்கணுமா?"

நல்லவேளை, அது நோட்ஸில் இருந்தது. தெரு வருஷா வருஷம் மேடேறிக் கோயில் பள்ளமாகிவிட்டது.

"எறங்கணும் ஆயா. மூணு படி."

"மூணா."

"ஆமா. நடுப்படி கொஞ்சம் வழுக்கும்."

தலையணையைச் சரி பண்ணச் சொன்னாள். கண்ணை மூடிக்கொண்டாள்.

"சரி, நீ போய் உன் வேலையைப் பாரு."